விளக்குக்கும் சிக்னலுக்கும் எத்தனை வோல்ட்? மாதிரி ரயில் தளத்துக்கான ஓர் ஒப்பீடு

மாதிரி ரயிலில் எஞ்சினுக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்துவிடுகிறார். நடைமேடை விளக்கு, வீட்டுச் சன்னல் வெளிச்சம், சிக்னல், தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட் மோட்டார் ஆகியவற்றுக்கு அதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் பலகைக்கு அடியில் முதல் வயரை இழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். நம் முன் இருப்பவை 16 வோல்ட் ஏசி, 12 வோல்ட் டிசி, 5 வோல்ட் டிசி, எஞ்சின்களுக்கான கட்டளைகளையும் சுமந்தபடி தண்டவாளத்தில் ஏற்கெனவே ஓடும் டிஜிட்டல் மின்சாரம் என்ற நான்கு வழிகள்.

16 வோல்ட் ஏசி ஐரோப்பியப் பழக்கம். ஜெர்மனியின் மாதிரி ரயில் நிறுவனமான மெர்க்லினின் தளங்களில் விளக்குக்கு மஞ்சள் வயர், திரும்பு பாதைக்குப் பழுப்பு வயர் என்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது. காந்தச் சுருளால் இயங்கும் பாயிண்ட் மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பலமான உந்துதல் தேவைப்படுவதால், அதற்கு இந்த ஏசி நன்றாகவே பொருந்துகிறது. விளக்கு என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 16 வோல்ட் என்பது சராசரி போன்ற ஓர் அளவுதான். அலையின் உச்சம் ஏறத்தாழ 22.6 வோல்ட்டைத் தொடும். 220 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை இன்றைய 230 வோல்ட்டில் மாட்டினால் அது இன்னும் சற்றுக் கூடும். எல்இடியோ எதிர்த்திசையில் பொதுவாக 5 வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும் என்பதால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் காப்பு டயோடு இல்லாமல் அதை ஏசியில் இணைக்கக் கூடாது. டயோடு போட்டாலும் நொடிக்கு 50 முறை அணைந்து எரியும் நடுக்கம் கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். புதிதாக வாங்கும் விளக்குகளெல்லாம் எல்இடியாகிவிட்ட இக்காலத்தில், விளக்குக்கென்று 16 வோல்ட் ஏசியைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

12 வோல்ட் டிசியில் கணக்கு எளிது. வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 9 வோல்ட்டை 1,000 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் 9 மில்லியாம்பியர் ஓடும். ஆனால் 1:87 அளவிலான, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கான, ஒரு நடைமேடையில் 9 மில்லியாம்பியர் வெளிச்சம் விளையாட்டரங்க விளக்கைப் போல் அடிக்கும். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்து நிலையத்தை அமைக்கிறீர்கள் என்றால், 10,000 ஓம் போட்டு 1 மில்லியாம்பியருக்கும் கீழே கொண்டுவந்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கூரைக்கு அடியில் மட்டும் வெளிச்சம் தேங்கி, தண்டவாளம் இருட்டில் மங்கும். இவ்வளவு பெரிய ரெசிஸ்டரை வைத்து நுணுக்கமாகக் கட்டுப்படுத்த 12 வோல்ட் இடம் கொடுக்கிறது. மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்தால் ஒன்றுக்கு ஆகும் மின்னோட்டத்திலேயே மூன்றும் எரியும். பழைய 12 வோல்ட் குமிழ் பல்புகளை 10 வோல்ட்டில் எரிய விட்டால் நிறமும் இதமாகும், ஆயுளும் பல மடங்கு கூடும். மெதுவாக நகரும் டார்டாய்ஸ் வகைப் பாயிண்ட் மோட்டாரும் 12 வோல்ட்டில், முழுவதும் நகர்ந்து நின்ற நிலையில்கூட ஏறத்தாழ 16 மில்லியாம்பியர்தான் எடுக்கிறது.

5 வோல்ட்டுக்கு ஆதரவாளர்கள் பெருகிவருவதற்குக் காரணம் உண்டு: நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ மின்னணுப் பலகைகளும், லெவல் கிராசிங் கதவை அசைக்கும் சிறு சர்வோ மோட்டார்களும், ஒவ்வொன்றாக நிறம் மாற்றக்கூடிய எல்இடிகளும் அதைத்தான் கேட்கின்றன. அதன் பலவீனம் தூரம். 12 வாட் சுமை மின்வழங்கியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போய்த் திரும்பும் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 0.36 ஓம் தடை தரும். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஓடி 0.36 வோல்ட் விழும். இது 3 சதவீதம்தான். 5 வோல்ட்டில் அதே சுமைக்கு 2.4 ஆம்பியர் ஓடி 0.86 வோல்ட் விழும். இதை 17 சதவீதம் என்று மட்டும் பார்த்தால் முழு விளைவும் தெரியாது. எல்இடிக்கு 3 வோல்ட் போக ரெசிஸ்டருக்கு மிஞ்ச வேண்டிய 2 வோல்ட் 1.14 ஆகக் குறைவதால், தொலைவில் உள்ள வீட்டின் விளக்கில் மின்னோட்டம் ஏறத்தாழ பாதியாகிவிடும். 12 வோல்ட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

தண்டவாளத்து டிஜிட்டல் மின்சாரத்திலிருந்து விளக்குக்கு எடுப்பது, தனி வயர் தேவையில்லை என்பதால் ஆசையூட்டும் வழி. ஓடும் பெட்டிகளின் உள்விளக்குக்கு அது சரியான வழியும்கூட. கட்டடங்களுக்கு வேண்டாம் என்பேன். எஞ்சின்களுக்காக விலை கொடுத்து வாங்கிய ஆம்பியரை விளக்குகள் தின்றுவிடும். அதைவிட முக்கியமானது, தவறாகத் திரும்பியிருக்கும் பாயிண்டில் எஞ்சின் ஏறி ஷார்ட் ஆனால் ஊர் முழுவதும் இருண்டுவிடும். பாயிண்ட் மோட்டாரும் அதே மின்சாரத்தில் இருந்தால், சிக்கலைத் தீர்க்க அதைத் திருப்பவும் முடியாது.

ஆகவே புதிய தளத்துக்கு என் பரிந்துரை, பலகை முழுவதும் 12 வோல்ட் டிசி முதன்மை வயரை ஓட விட்டு, 5 வோல்ட் தேவைப்படும் இடத்துக்கு அருகிலேயே மின்னழுத்தத்தை அதிக வெப்பமின்றிக் குறைக்கும் ஒரு சிறு பக் கன்வர்ட்டர் வைப்பது. 7805 போன்ற பழைய ரெகுலேட்டர் 1 ஆம்பியருக்கு 7 வாட்டை வெப்பமாக வீணாக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். சுருள் மோட்டார் வைத்திருப்பவர்கள் 16 வோல்ட் ஏசியை அதற்கு மட்டும், தனிச் சுற்றாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய விளக்கில் வோல்ட் குறிக்கப்படவில்லை என்றால் நேரே 12 வோல்ட்டில் மாட்டிவிடாதீர்கள். அப்படி மாட்டி, ஒரு வரிசைத் தெருவிளக்குகளை ஒரே நொடியில் இழந்திருக்கிறேன். முதலில் விளக்கின் வயர் முனைகளை 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். முனைகளை மாற்றித் தொட்டும் எரியவில்லை அல்லது மினுங்க மட்டுமே செய்கிறது என்றால், பெரும்பாலும் அது உயர் மின்னழுத்தத்துக்கென ரெசிஸ்டர் வைத்துச் செய்யப்பட்டது. 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஒன்றில் ஒன்று நுழையாத வெவ்வேறு வடிவ இணைப்பிகளைப் பயன்படுத்துங்கள். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்யும்போது வயரின் நிறத்தை நம்ப முடியாது.