பார்ட்னர் டபுள், எதிராளி ஏற்றம், இப்போது நம் டபுள்: அடிக்கவா, கேட்கவா?

டர்பன் பக்கம் துனி (ஆறு பிடியாக ஆடும் தென்னாப்பிரிக்க இந்தியர் சீட்டாட்டம்) ஆடி வளர்ந்தவர்கள் பிரிட்ஜுக்கு வரும்போது சீட்டை எண்ணுவதிலோ துருப்பு வெட்டுவதிலோ திணறுவதில்லை, அதெல்லாம் சாட்ஸ்வொர்த்தில் மாமா, பெரியப்பா மேசையிலேயே பழகியாகிவிட்டது. திணறுவது டபுளில்தான். துனியில் டபுள் என்றால் முதல் ஐந்து பிடியையும் எடுத்துவிட்டு, ஆறாவதும் எங்களுக்கே என்று மார்தட்டுவது. பிரிட்ஜில் அதே சொல்லை வைத்துக்கொண்டு பாதி நேரம் "எனக்கு முடிவு செய்ய முடியவில்லை, நீயே ஒன்று சொல்லு" என்கிறார்கள். ரெஸ்பான்சிவ் டபுள் இந்த இரண்டாவது வகை.

இடம் இதுதான். ஏலத்தில் எதிராளி 1 ஆட்டின் (ஆறுக்கு மேல் ஒரு பிடி, ஆட்டின் துருப்பு), நம் பார்ட்னர் டேக் அவுட் டபுள் (மற்ற சூட்டில், அதாவது மற்ற சீட்டு இனத்தில், ஒன்றைச் சொல்லு என்று கேட்பது), அடுத்தவர் 2 ஆட்டின் என்று அதே சூட்டை ஏற்றுகிறார். இப்போது நம் முறை. இங்கே நாம் டபுள் சொன்னால் என்ன அர்த்தம்? பழைய ரப்பர் பிரிட்ஜ்காரர்கள் "பெனால்டி, வேறென்ன" என்பார்கள், அதாவது எதிராளி தவறுவார், தண்டத்தைக் கூட்டு என்பது. மற்றக் கட்சியோ "கையில் பாயின்ட் (ஆஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1) இருக்கிறது, ஆனால் தனியாகச் சொல்ல ஒரு சூட் இல்லை, நீ தேர்ந்தெடு" என்று வைத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் இந்த அலசல்.

முதலில் பெனால்டி கட்சிக்கு ஒரு கணக்கு. எதிராளிகள் ஏற்றிவிட்டார்கள் என்றால் அவர்களிடம் ஆட்டின் குறைந்தது 8 இருக்கும். டேக் அவுட் சொன்ன பார்ட்னரிடம் வழக்கமாக 1 அல்லது 2. பதின்மூன்றில் நமக்கு மிஞ்சுவது 3, மிஞ்சி மிஞ்சிப் போனால் 4. இந்த 4-ம் ராஜா ஜாக்கி 9 என்று கனமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கை எப்போது வரும்? வராமல் போகாது, ஆனால் அதற்காக ஒரு டபுளையே ஒதுக்கி வைத்துக் காத்திருப்பது வீண்.

வந்தாலும் லாபம் எவ்வளவு என்று பாருங்கள். வல்னரபிள் (தண்டமும் போனஸும் கூடும் நிலை) இல்லாத எதிராளி 2 ஆட்டினில் ஒன்று தவறினால் 50, டபுளோடு 100. அவர் ஆட்டத்தை முடித்துவிட்டாலோ 110 இருந்த இடத்தில் 470, ஏனென்றால் டபுள் போட்டு கேமையே (பெரிய போனஸ் கிடைக்கும் அளவு) அவர் கையில் கொடுத்துவிட்டோம். ஐம்பதைப் பிடிக்க முந்நூற்று அறுபதைப் பணயம் வைக்கிறோம். எதிராளி வல்னரபிள் என்றால் கதை கொஞ்சம் மாறும். ஒன்று தவறினாலே 200, ஜோடிப் போட்டியில் (அதே கையை மற்ற மேசைகளில் ஆடியவர்களோடு ஒப்பிடுவது) நம் பக்கம் 3 கிளாவர் ஆடி எடுக்கும் 110-ஐ அது தாண்டிவிடும், அதனால் ஜோடிப் போட்டி ஆடுகிறவர்களுக்கு அந்த ஆசை இருப்பது நியாயம்தான். ஆனால் அவர் முடித்தால் 670.

இனி ஒரு கை. இஸ்பேடில் ஜாக்கி, 6. ஆட்டினில் 8, 5, 2. டைமனில் ராஜா, ஜாக்கி, 8, 4. கிளாவரில் ராணி, 10, 7, 3. மொத்தம் 7 பாயின்ட். மேலே சொன்ன அதே ஏலம். பெனால்டி முறையில் டபுள் கிடையாது, ஆக பாஸ் சொல்லி 2 ஆட்டினை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 3 கிளாவரா 3 டைமனா என்று காசு சுண்டிப் பார்க்க வேண்டும். டைமன் பலமாக இருக்கிறதே என்று 3 டைமன் சொல்கிறீர்கள். பார்ட்னர் மேசையில் விரிக்கிறார்: இஸ்பேடில் ஆஸ், ராஜா, 7, 5, ஒற்றை ஆட்டின், டைமனில் ராணி, 9, 3, கிளாவரில் ஆஸ், ஜாக்கி, 9, 5, 4. கிளாவரில் இருவருக்கும் சேர்த்து ஒன்பது சீட்டு கிடக்க, நீங்கள் ஏழு டைமனை வைத்துக்கொண்டு துருப்பு எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ரெஸ்பான்சிவ் டபுளில் இந்தத் தொல்லையே இல்லை. ஆட்டின் ஏறிய இடத்தில் டபுள் என்றால் இரண்டு மைனரும் (டைமன், கிளாவர்) என்று அர்த்தம், இஸ்பேட் நாலு இருந்தால் நேராக 2 இஸ்பேட் சொல்லியிருப்பீர்களே. பார்ட்னர் யோசிக்காமல் 3 கிளாவர் சொல்வார், வேலை முடிந்தது.

நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆட்டினில் ராஜா, ஜாக்கி, 9, 4 வைத்திருக்கும் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ் சொல்லி, பார்ட்னர் திரும்ப ஒருமுறை டபுள் போடுவாரா என்று காத்திருக்க வேண்டும். நல்ல கை இருந்தால் போடுவார், அதை நாம் பாஸ் செய்து பெனால்டியாக்கிவிடலாம். சுமாரான கை என்றால் அவரும் பாஸ், எதிராளி தப்பித்துவிடுவார். இந்த விலையைக் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி.

மைனர் ஏறினால் லாபம் இன்னும் தெளிவு. 1 டைமன், டபுள், 2 டைமன், இங்கே நம் டபுள் இரண்டு மேஜரிலும் (ஆட்டின், இஸ்பேட்) நாலு நாலு. பார்ட்னர் இரண்டாம் மட்டத்திலேயே 2 ஆட்டினோ 2 இஸ்பேடோ சொல்லலாம் என்பதால் 6 பாயின்ட் போதும். 3 டைமன் என்று எதிராளி சூட்டையே திருப்பிச் சொல்வது இன்னொரு வழி, ஆனால் அது கேம் அளவு பலத்துக்கு. 7 பாயின்ட்டை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் பார்ட்னர் கேமுக்குப் போகாமல் விடமாட்டார்.

இஸ்பேட் ஏறினால் மட்டும் ரெஸ்பான்சிவ் கட்சிக்குள்ளேயே சண்டை. 1 இஸ்பேட், டபுள், 2 இஸ்பேட், டபுள். ஒரு சாரார் இதுவும் மைனர் இரண்டுதான், ஆட்டின் நாலு இருந்தால் 3 ஆட்டின் சொல்லிவிடு என்கிறார்கள். இன்னொரு சாரார் எந்த இரண்டு சூட்டாகவும் இருக்கலாம், பார்ட்னர் 3 கிளாவர் சொன்னால் 3 டைமனுக்கு மாற்றி ஆட்டினும் டைமனும் என்று காட்டு என்கிறார்கள். இரண்டாவது நுணுக்கமானதுதான். ஆனால் டேக் அவுட் போட்டவரிடம் பெரும்பாலும் ஆட்டின் நாலு இருக்கும், பொருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் எதற்குச் சுற்றுவழி? எனக்கு முதலாவது போதும்.

எவ்வளவு உயரம் வரை? எதிராளி 3 ஆட்டின் என்று குதித்தால் பார்ட்னர் நாலாம் மட்டத்துக்குப் போக வேண்டிவரும், அங்கே 9, 10 பாயின்ட் இல்லாமல் டபுளைத் தொடாதீர்கள். 4 ஆட்டின், 4 இஸ்பேடுக்கு மேலே டபுள் என்றால் "பலம் என்னிடம் இருக்கிறது" என்பதுதான். சமநிலைக் கை இருந்தால் பார்ட்னர் பாஸ், கோணல்மாணலான கை இருந்தால்தான் வெளியே எடுப்பார். நான் 3 இஸ்பேட் வரை ரெஸ்பான்சிவ், அதற்கு மேல் இப்படி என்று கோடு போட்டுக்கொள்வேன். அமெரிக்க கன்வென்ஷன் கார்டில் (ஜோடி தன் ஏல முறைகளை எழுதும் அட்டை) ரெஸ்பான்சிவ் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே "எதுவரை" என்று எழுத ஒரு கோடு விட்டிருப்பது இதற்காகத்தான், பலர் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அந்தக் கோட்டைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் இன்னொன்று: எதிராளி அதே சூட்டை ஏற்றினால்தான் இது. 1 டைமன், டபுள், 1 இஸ்பேட் என்று புது சூட் சொன்னால் நம் டபுள் "இஸ்பேட் என்னிடமும் இருக்கிறது" என்பது. 1 நோ டிரம்ப் (துருப்பில்லாத ஆட்டம்) சொன்னாலும் அப்படியே, அங்கே பெனால்டிதான்.

பார்ட்னர் டபுள் போடாமல் சூட் சொல்லியிருந்தால்? 1 டைமன், 1 இஸ்பேட், 2 டைமன், டபுள். பலர் இதையும் ரெஸ்பான்சிவ் என்றே ஆடுகிறார்கள், மிச்ச இரண்டு சூட்டும், அதாவது ஆட்டினும் கிளாவரும். பயன் உண்டு, ஆனால் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. டேக் அவுட் போட்டவர் மற்ற சூட்டுகளுக்குத் தயாராக இருக்கிறேன் என்று சொன்னவர். 1 இஸ்பேட் சொன்னவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, 8 பாயின்ட்டிலும் சொல்லியிருக்கலாம். அதனால் நம் கையில் கொஞ்சம் கூடுதல் பலமும், தப்பிக்க இரண்டு இஸ்பேடும் இருக்க வேண்டும். மூன்று இஸ்பேட் இருந்தால் பேசாமல் இஸ்பேடை ஏற்றிவிட்டுப் போங்கள். முதல் வகை கைக்குப் பழகிய பிறகு இதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பிபிஓவில் (இணையத்தில் பிரிட்ஜ் ஆடும் தளம்) முன்பின் தெரியாத பார்ட்னர் அமைந்து, நாலு போர்டாவது ஆடிவிடலாம் என்ற அவசரத்தில் எதையும் பேசி வைக்க நேரமில்லை என்றால், டேக் அவுட் டபுளுக்குப் பிறகு 3 இஸ்பேட் வரை ரெஸ்பான்சிவ் என்று நினைத்து ஆடுவேன். பார்ட்னர் சூட் சொன்ன பிறகு என்றால் டபுளைத் தொடாமல், கையில் இருப்பதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன், அங்கே அவர் எந்தக் கட்சி என்று ஊகிக்கவே முடியாது.