ப்ரோஜெஸ்ட்ரோன்: முட்டை எடுத்த அன்றே தொடங்குவதா, கரு வைக்கிற அன்று தொடங்குவதா?

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி கருப்பையில் வைக்கிற ஐவிஎஃப்பில், கரு தங்க கருப்பையைத் தயார் செய்கிற ஹார்மோனான ப்ரோஜெஸ்ட்ரோன் வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. ஊசி போட்டு நிறைய முட்டைகளை வளர்க்கும்போது ஹார்மோன் அளவு எக்கச்சக்கமாக ஏறி, மூளையடியிலிருந்து வருகிற எல்ஹெச் என்ற ஹார்மோன் அடங்கிப் போகிறது, அது இல்லாமல் கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய பையிலிருந்து உருவாகி ப்ரோஜெஸ்ட்ரோன் சுரக்கிற பகுதி) சீக்கிரமே ஓய்ந்துவிடும். எப்போது தொடங்குவது என்பதுதான் கேள்வி. முட்டை எடுத்த அன்று இரவா, மூன்றாம் நாள் கரு வைக்கும்போதா என்று டாக்டர் என்னிடமே கேட்டார். நான் அன்று இரவே தொடங்கினேன், இன்றும் அதையே சொல்வேன்.

இரண்டுமே தப்பில்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே, முட்டை எடுத்த அன்று மாலையிலிருந்து மூன்றாம் நாளுக்குள் தொடங்கினால் சரி என்கிறது. முட்டை எடுப்பதற்கு முன்பே தொடங்கினாலும், ஆறாம் நாள் வரை தள்ளிப்போட்டாலும் கர்ப்பம் தங்குவது குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. அந்த இடைவெளிக்குள் முன்னே பின்னே இருக்கலாம்.

அப்புறம் ஏன் முதல் இரவு? கருப்பை சுருங்கி விரிவதுதான் காரணம். முட்டை வளர்க்கும் ஊசிகளுக்குப் பிறகு இந்த அசைவு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும், ப்ரோஜெஸ்ட்ரோன்தான் அதை அடக்குகிறது, ஆனால் போட்ட உடனே அடங்குவதில்லை. கரு வைக்கிற அன்றே முதல் மாத்திரை என்றால் கரு உள்ளே போகும்போது கருப்பை இன்னும் அசைந்துகொண்டிருக்கலாம். முட்டை எடுத்த அன்றே தொடங்கியவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் நேரத்தில் அசைவு குறைவாக இருந்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அதனால் குழந்தை பிறப்பது கூடும் என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் தாமதிப்பதால் நமக்குக் கிடைப்பது என்ன? 200 மில்லிகிராம் மாத்திரையை தினம் மூன்று வேளை பிறப்புறுப்புக்குள் வைக்கிற தொல்லையும், அது கரைந்து வழிகிற எரிச்சலும் சில நாள் மிச்சம், அவ்வளவுதான்.

உறைய வைத்த கரு என்றால் கதையே வேறு. நானே செய்துகொண்டது கருவை உறைய வைக்காமல் நேராக வைக்கிற ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபர்தான், அதனால் இதில் அடித்துப் பேச மாட்டேன். மாத்திரையால் மட்டுமே கருப்பையைத் தயார் செய்யும் முறையில் கார்பஸ் லூட்டியமே கிடையாது, முதல் ப்ரோஜெஸ்ட்ரோனிலிருந்துதான் நாள் கணக்கு ஓடும். ஐந்து நாள் வளர்ந்த கருவை, ப்ரோஜெஸ்ட்ரோன் ஐந்து நாள் முழுதாக ஆன பிறகு வைப்பது வழக்கம். அங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, சொன்ன நேரத்துக்கு முதல் டோஸ்.

நிறுத்துவது பற்றி: டென்மார்க்கில் 2002-இல் வெளியான, 303 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், கர்ப்ப டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதும் ப்ரோஜெஸ்ட்ரோனை நிறுத்தியவர்களுக்கும் இன்னும் மூன்று வாரம் தொடர்ந்தவர்களுக்கும் பிரசவ எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அது ஃப்ரெஷ் சுழற்சிக்கான முடிவு. கார்பஸ் லூட்டியம் இல்லாத சுழற்சியில் நஞ்சுக்கொடி தானாக ஹார்மோன் சுரக்கும்வரை அந்த மாத்திரைதான் ஆதாரம், எனவே பாசிட்டிவ் வந்தது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.