டை காஸ்டிங்கா, எக்ஸ்ட்ரூஷனா: மெக்னீசியக் கலவைக்கு எது வலிமை தரும்?

மெக்னீசிய உறுப்புகளைச் செய்ய இரு வழிகள் பெரிதும் வழக்கில் உள்ளன: உருகிய உலோகத்தை உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தும் டை காஸ்டிங், சூடேற்றிய உருளையை அச்சுத் துளை வழியே தள்ளும் எக்ஸ்ட்ரூஷன். முன்னதற்கு ஏறத்தாழ 9 சதவீத அலுமினியம் கொண்ட ஏஇசட்91 என்னும் கலவை, பின்னதற்கு 3 சதவீதம் கொண்ட ஏஇசட்31 என்பதே வழக்கம். ஆகவே வேறுபாட்டில் கலவைக்கும் பங்குண்டு.

டை காஸ்டிங் துண்டை மெருகேற்றி, அமிலத்தால் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், பரப்பை ஒட்டி மிக நுண்ணிய மணிகளும் (உலோகம் ஆக்கப்பட்டிருக்கும் சிறு படிகங்கள்), உள்ளே சற்றுப் பெரிய மணிகளும், அவற்றின் எல்லைகளில் வலைபோலப் படிந்த மெக்னீசிய-அலுமினியச் சேர்மமும், சிக்கிய வாயுவின் துளைகளும் தெரியும். விரிசல் பெரும்பாலும் அத்துளைகளில்தான் தொடங்குகிறது. நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பின் மீதான விசை) 150 முதல் 160 மெகாபாஸ்கல் வரை இருந்தாலும், ஏறத்தாழ 3 சதவீதம் நீண்டதுமே துண்டு முறிந்துவிடும். வெப்பப் பதப்படுத்தலும் எளிதன்று. வாயு விரிந்து பரப்பில் கொப்புளம் கிளம்பும்.

எக்ஸ்ட்ரூஷனில், உருமாற்றம் நடக்கும்போதே புதிய நுண்மணிகள் பிறந்து பழைய வார்ப்பு மணிகளின் இடத்தைப் பிடிக்கின்றன. உருமாறத் தொடங்கும் தகைவு 200 மெகாபாஸ்கலை எட்டுகிறது, முறியுமுன் நீட்சி 12 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் அறுகோணப் படிகங்களின் அடித்தளங்கள் (அறுகோண வடிவ அணு அடுக்குகள்) தண்டின் நீளத்துக்கு இணையாக அணிவகுத்துவிடுவதால், நீளவாக்கில் அழுத்தினால் படிக இரட்டைகள் (படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிய பகுதிகள்) எளிதில் தோன்றி, இழுவிசையில் தாங்கியதில் ஏறத்தாழப் பாதியிலேயே தண்டு நிலையாக உருமாறத் தொடங்கும். இழுவிசை எண்ணை மட்டும் நம்பி அமுக்கச் சுமை ஏற்றும் வடிவமைப்பாளர் இங்கேதான் ஏமாறுகிறார். சிக்கலான கியர்பாக்ஸ் கூடுகளுக்கு டை காஸ்டிங்கையும், இழுவிசை தாங்கும் சட்டங்களுக்கு எக்ஸ்ட்ரூஷனையுமே நான் தேர்வேன்.