கேட்பதற்கு ஆள் இருக்கும் கூடம்: பெரம்பூரில் முன்னாள் படைவீரர்களின் கதை, கவிதைச் சந்திப்பு

பெரம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, முன்னாள் படைவீரர்களும் அக்கம்பக்கத்தாரும் வட்டமாக அமர்ந்து, கதை சொல்லியும் கவிதை எழுதியும் இரண்டு மணி நேரத்தைக் கழிக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஓராண்டாக அப்பாவை அழைத்துக்கொண்டு நான் அங்கே போய் வருகிறேன். அங்கு கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பது முதல் விதி. ஆகவே மற்றவர்களின் கதை எதையும் இங்கே எழுதவில்லை. அப்பாவைப் பற்றிய பகுதிகளை அவரே படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்தார்.

அப்பா, இலங்கை உள்நாட்டுப் போரின்போது இந்தியா அங்கே அனுப்பிய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணத்துக்குச் சென்றவர். 1987 முதல் 1990 வரை அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கிருந்த தமிழ் மக்கள் இழந்தவற்றுக்கு இன்றுவரை கணக்கு முடியவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, சென்னையில் அளிக்கப்பட்ட வரவேற்பில் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி கலந்துகொள்ள மறுத்தார். அந்த மறுப்பின் பின்னிருந்த வலியை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ராயபுரத்தில், துறைமுகத்துக் கப்பலின் சங்கொலி கேட்கும் தூரத்தில் வீடுள்ள ஒரு தமிழ்ச் சிப்பாய், தான் கண்டதை யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லவே இல்லை. தை மாதம் பனங்கிழங்கு விற்கும் பெண் தெருவில் குரல் கொடுத்தால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். காரணம் எங்களுக்குத் தெரியாது, அம்மாவும் கேட்டதில்லை.

முதல் சந்திப்பில், இதை நடத்தும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொண்டார். நள்ளிரவு, வாடைக் காற்றில் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்ந்து எரிகின்றன, பாண்டிய மன்னன் உறங்காமல், ஓர் இளம் வீரனின் தோளில் கை வைத்தபடி, பாசறையில் புண்பட்டுக் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான். வீடு திரும்பும்போது பேருந்தில் அப்பா என்னிடம், "அந்த ராஜா யாரிடமும் எத்தனை பேரைச் சாய்த்தாய் என்று கேட்கவில்லை, கவனித்தாயா?" என்றார். அந்தக் கேள்விக்கு அங்கேயும் இடமில்லை. பதக்கம், வீரம், எதிரி என்று எதையும் யாரும் துருவிக் கேட்பதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு பொருளைக் கொடுக்கிறார்கள். வெள்ளை மையில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டி ஒரு மாதம், '56 ஏ.பி.ஓ.' என்ற படை அஞ்சல் முகவரி மட்டும் எழுதிய இன்லேண்ட் கடிதம் மற்றொரு மாதம். அதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் எழுதலாம், சொல்லலாம், பாடலாம். மரபுக் கவிதைதான் கவிதை என்ற பிடிவாதம் அங்கே இல்லாததால், மேசையைத் தட்டிக் கானா பாடுவோரும் உண்டு. இது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து இறந்தவரைப் பாடி அனுப்பும் ஊர் இது. எங்கோ எல்லையில் இறந்து, அந்தப் பாட்டு இல்லாமலே போன தோழர்களை நினைத்துப் பாட, இந்த மண்ணுக்கே உரிய வடிவம் வேறெது?

கேட்பவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சந்திப்பின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பத்து மூதாட்டி ஒருவர் என்று பலரும் வருகிறார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும் கைதட்டல் கிடையாது, 'ஐயோ பாவம்' கிடையாது. கேட்டதில் தன் மனத்தில் தங்கிய ஒரு வரியை மட்டும் ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்காவது மாதம் அப்பா எழுதி வாசித்தது இது:

"நீர் தமிழோ, தம்பி?" என்றாள் கிழவி.
ஆமென்று சொல்லத் தமிழ் இருந்தது.
துப்பாக்கியைத் தாழ்த்த உத்தரவு இல்லை.
கிழங்கு அவித்த பானை
கொதித்துக்கொண்டே இருந்தது.

பர்மா மூதாட்டி கடைசி வரியைத் திருப்பிச் சொன்னார். அப்பா வெகு நேரம் தலை குனிந்திருந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றிரவு அப்பா உறங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வில், மனத்தை உலுக்கிய நிகழ்ச்சியை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள் எழுதிய மாணவர்களுக்கு அப்போதைக்குத் துயரம் கூடியது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிச் சென்றது குறைந்தது. இதை முன்கூட்டியே குடும்பத்தாருக்குச் சொல்லியிருந்தால் அம்மா அன்று அவ்வளவு பயந்திருக்க மாட்டார். புதிதாக வருபவர்களிடம் இதை விளக்காமல் விடுவது பெரிய குறை. மனநலம் பயின்ற ஒருவர் கூடத்தில் இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. கவிதை மருத்துவத்துக்குத் துணை நிற்குமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்காது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் தொலைவில் இல்லை. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. இந்த இரண்டையும் எழுதிச் சுவரில் ஒட்டவாவது செய்யலாம்.

செங்குத்தான மாடிப்படி, காலில் குண்டடி பட்டவர்களுக்குக் கொடுமை. சுண்டலும் தேநீரும் நன்றாக இருக்கின்றன. கடந்த சுதந்திர நாளன்று சிலரை மேடையேற்றி வாசிக்கச் சொல்லிப் படம் எடுத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை; வட்டத்துக்குள் சொன்னதை ஒலிபெருக்கிக்கு மாற்றினால் முதல் விதி உடைகிறது. மனைவிமார்களுக்கென்று தனி மாதம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. தந்தி வருமோ என்று நடுங்கிக் காத்திருந்தவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்தத் தை மாதம் பனங்கிழங்கு விற்கும் பெண் வந்தபோது அப்பா உள்ளே போகவில்லை. வாங்கவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சந்திப்புக்கு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.