பீதரின் ஹாக் 132: ஒரு பயிற்சி விமானத்தின் மதிப்பீடு

பயிற்சி விமானம் கற்பவரின் தவறைத் தாங்க வேண்டும். அதற்காக அந்தத் தவறை மூடி மறைத்துவிடவும் கூடாது. கர்நாடகத்தின் பீதர் விமானப்படைத் தளத்தில் 2008 பிப்ரவரி முதல் சேவையில் இருக்கும் ஹாக் மார்க் 132-ஐ இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்க வேண்டிய விமானம் இது.

இது வருவதற்கு முன் இருந்த நிலையைச் சொன்னால்தான் அருமை புரியும். முந்தைய நிலைப் பயிற்சிக்கான கிரண் ஜெட் விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள்; உச்ச வேகம் மணிக்கு 700 கி.மீ.யைத் தொடாது. அதிலிருந்து நேராக மிக்-21 போர் விமானத்துக்கு. தரையைத் தொடும்போதே 300 கி.மீ.க்கு மேல் ஓடும் டெல்டா (முக்கோண) இறக்கை விமானம் அது; வேகம் குறைந்தால் மன்னிக்காது. இந்த இடைவெளியில் இளம் விமானிகள் பலர் உயிரிழந்தார்கள். ஏர் மார்ஷல் லா ஃபோன்டேன் தலைமையிலான குழு, நடுவில் ஒரு மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982-இலேயே பரிந்துரைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச்சில். முதலில் 66 விமானங்கள்: 24 பிரிட்டனிலிருந்து நேரடியாக, 42 பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தொழிற்சாலையில். 2010-இல் மேலும் 57; அதில் 17 கடற்படைக்கு. மொத்தம் 123.

இன்றைய பயிற்சிப் படிநிலையில், முதலில் துண்டிகல்லில் பிலாட்டஸ் பிசி-7, அடுத்து ஹக்கிம்பேட்டில் கிரண், மூன்றாவதாக பீதரில் ஹாக். இங்கிருந்து தேறியவர்தான் சுகோய், தேஜஸ், ஜாகுவார் ஸ்க்வாட்ரன்களுக்குப் போகிறார்.

முதலில் காக்பிட். இரண்டு இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக. பின்னிருக்கை உயரமாக இருப்பதால், ஆசிரியர் மாணவரின் தலைக்கு மேலாக ஓடுபாதையைப் பார்த்தபடியே தரையிறக்கலாம். பல பயிற்சி விமானங்களில் இல்லாத வசதி இது. கண்ணாடி மூடி ஒரே துண்டு, வலப்பக்கமாகத் திறக்கும். அதில் கோணல்மாணலாக ஓடும் கோடு வெடிமருந்துக் கயிறு. ஆபத்தில் விமானியோடு இருக்கை வெளியேறும் கணத்தில் அது கண்ணாடியைச் சிதறடிக்கும். மார்ட்டின்-பேக்கர் இருக்கை, நின்றுகொண்டிருக்கும் விமானத்திலிருந்தும் ஆளைக் காப்பாற்றக்கூடியது. ஏறியதும் பாதுகாப்பு ஊசிகளை எண்ணி எடுத்து அதற்குரிய இடத்தில் செருக வேண்டும். ஓர் ஊசி எடுக்காமல் விடுபட்டாலும் இருக்கை வேலை செய்யாது. மாணவர்களுக்கு இந்த எண்ணிக்கைப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஊட்டுவது சரியான முறை.

எஞ்சினைக் கிளப்பத் தரை வண்டி எதுவும் வேண்டாம். விமானத்துக்குள் இருக்கும் சிறு எரிவாயு டர்பைன் முதலில் சுழன்று, அது தரும் காற்றில் பிரதான எஞ்சின் உயிர்பெறும். எஞ்சின் அடூர் 871. சுமார் 2,700 கிலோ உந்துவிசை, ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் எரிபொருளை மீண்டும் எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு) கிடையாது. நம் ஜாகுவார் விமானங்களில் இருப்பதும் இதே குடும்பம்தான். அதைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் பெங்களூருவில் ஏற்கெனவே இருந்தன; ஹாக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இது நல்ல காரணம்.

இனி, இந்த விமானத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்.

ஃபிளாப்பை (தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் இறக்கப்படும் தகடு) முழுதாக இறக்கி, சக்கரங்கள் உள்ளேயே இருந்தால் பழைய ஹாக்குகளில் ஒரு விபரீதம் உண்டு. ஃபிளாப்பிலிருந்து கீழ்நோக்கி வரும் காற்று வால்தகட்டின் மீது விழுந்து, வால் தன் பிடியை இழக்கும். ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு கீழே போகும். பிந்தைய ஹாக் வகைகளில் வால்தகட்டுக்குச் சற்று முன்னே, உடலின் இருபுறமும் ஒட்டியிருக்கும் சிறு துடுப்புகள் இதற்காகவே சேர்க்கப்பட்டவை. விமானத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணில் படும். துடுப்பு இருக்கிறதே என்று சர்க்யூட்டில் (தரையிறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதை) வரிசையை மாற்றக் கூடாது: முதலில் சக்கரம், பிறகு ஃபிளாப். வேகத்தைக் குறைக்க விரியும் தகடான ஏர்பிரேக் வயிற்றுப் பகுதியில் இருப்பதால், சக்கரம் இறங்கியபின் அது விரியாது. இறுதி அணுகலில் வேகம் கூடிவிட்டால் ஏர்பிரேக்கை நம்பாமல் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத்தான் சீக்கிரம் குறைக்க வேண்டும். மாணவர்கள் இங்கேதான் அடிக்கடி நீண்டு போய் இறங்குவார்கள்.

ஒற்றை எஞ்சின் என்பது இன்னொரு கவலை. எய்லரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) வால்தகடும் முழுக்க ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்குபவை. கைபலத்தால் அசைக்க முடியாது. எஞ்சின் நின்றால் பம்புகளும் ஓயும். அப்போது செங்குத்து வாலுக்கு முன்னே முதுகிலிருந்து ஒரு சிறு காற்றாடி எழும்பி, எதிர்க்காற்றில் சுழன்று அழுத்தம் கொடுக்கும். வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறையும். எனவே எஞ்சின் போனால் உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்குவது தவறு; சறுக்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் எஞ்சினைக் கிளப்பப் பார்க்க வேண்டும். தாழ்வாகப் பறக்கும்போது அதற்கு நேரம் இருக்காது, இருக்கையை வெளியேற்றும் கைப்பிடிதான் வழி. 2018 மார்ச்சில் ஒடிசாவிலும், 2024 பிப்ரவரியில் கலைகுண்டா அருகிலும் விழுந்த ஹாக்குகளின் விமானிகள் இருக்கையால் உயிர் பிழைத்தார்கள்.

பயிற்சித் திட்டத்தில் ஹாக் ஜொலிப்பது தாழ்நிலை வழிகாட்டலிலும் ஆயுதப் பயிற்சியிலும்தான். ஹாக்கில் பயிற்சி தரும் பிரிட்டனின் ‘வேலி’ விமானப்படைத் தளத்தில் 420 நாட் (மணிக்கு 420 கடல்மைல்) வேகம் வழக்கம். நிமிடத்துக்கு 7 கடல்மைல் என்பதால் மனக்கணக்கு எளிது. வரைபடம், கடிகாரம், தரை என்ற வரிசையில் பார்க்கப் பழகியவர் வழி தவறமாட்டார். தரையை முதலில் பார்த்து வரைபடத்தில் தேடுபவர் எந்தக் குளத்தையும் தன் குளமாக நினைத்துக்கொள்வார். கண்ணெதிரே ஹெட்-அப் திரை இருப்பதால் குண்டுவீச்சில் டைவ் கோணத் தவறு, வேகத் தவறு, குறித் தவறு மூன்றையும் பிரித்துச் சொல்லித்தர முடிகிறது. கிரணில் ஆசிரியர் ஊகிக்கத்தான் முடியும்.

பராமரிப்பில் தொடக்க ஆண்டுகள் திருப்தியாக இல்லை. உதிரிபாகம் கிடைப்பதில் விமானப்படை வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டது. அமெரிக்கக் கடற்படையின் டி-45 என்ற பயிற்சி விமானமும் ஹாக்கிலிருந்து பிறந்ததுதான். 2017-இல் அதன் ஆக்சிஜன் அமைப்பின் மீது நம்பிக்கை இழந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பறக்க மறுத்தார்கள். 2022-இல் அதன் அடூர் எஞ்சினின் பிளேடு (உள்ளே சுழலும் தகடு) கோளாறால் அந்த விமானங்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அடூர் எஞ்சின் வைத்திருக்கும் எவரும் பிளேடு பரிசோதனையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

பெரிய குறை, ரேடார் இல்லை. மிக்-21 இருந்தவரை இது உறுத்தவில்லை. அன்று விமானியின் கையைத் தயார்செய்தாலே பாதி வேலை முடிந்தது. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றுவிட்டது. இன்று மாணவர் போய் உட்காரும் சுகோயும் ரஃபேலும் ஓட்டுவதற்குச் சுலபம். திரையில் வரும் தகவலைப் பிரித்தறிவதுதான் கடினம். பிரிட்டனின் புதிய ஹாக் வகையான டி2-இல் மென்பொருளே ரேடாரைப் போல இலக்குகளைக் காட்டி, தரவு இணைப்பு வழியே மற்ற விமானங்களோடும் சேர்த்து விளையாட வைக்கிறது. எச்.ஏ.எல். தன் முயற்சியில் உருவாக்கிய ஹாக்-ஐ விமானம், 2018-இல் சொந்த இயங்குதளத்தோடு பறந்தது. 2021 ஜனவரியில் ஓடுபாதை தகர்ப்பு ஆயுதத்தையும் வீசிக் காட்டியது. மென்பொருளின் சாவி நம் கையில் இருப்பதுதான் இதில் முக்கியம். பீதரில் இருக்கும் விமானங்களுக்குப் புதிய ஆயுதத்தைவிட இந்தப் போலி ரேடார் பயிற்சி முந்திக் கிடைக்க வேண்டும். எச்.ஏ.எல். 2023-இல் அறிவித்த அடுத்த பயிற்சி விமானமான எச்.எல்.எஃப்.டி-42 வரும்வரை ஹாக்தான் இந்தப் பளுவைச் சுமக்கப்போகிறது.