620 பவுண்ஸ் போய்விட்டது: எம்.ஓ.ரி செய்யக் கார் கொண்டுபோகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

போன வெள்ளிக்கிழமை, மே 9, எம்.ஓ.ரி என்று இங்கே இங்கிலாந்தில் கார்களுக்கு வருடா வருடம் கட்டாயமாகச் செய்யும் தகுதிச் சோதனைக்குப் போய் என் 620 பவுண்ஸ் போனது. இன்றைக்கு வியாழன். கோபம் இன்னும் அடங்கவில்லை, வசனம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கராஜின் பெயரைப் போட மாட்டேன். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை பெயரை இழுத்து வீண் வம்பு வாங்காதே என்று மச்சான் சொல்லிவிட்டார். வடமேற்கு லண்டனில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னக் கராஜ், நீலத்தில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்ட எம்.ஓ.ரி பலகை வாசலில் தொங்குகிறது, அவ்வளவு போதும்.

எனக்கு ஒரு பழைய யாரிஸ் இருக்கிறது, பதின்மூன்று வயது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை, அந்தக் கார் இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. ஜூன் 12இல் எம்.ஓ.ரி முடிகிறது. முந்தி எப்போதும் செய்யும் கராஜ்காரர் கடையை மூடிவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டார். சரி, பக்கத்தில் வேறு எங்கே செய்யலாம் என்று விடியப்புறம் மூன்று மணிக்கு, வேலை நடுவில் கிடைத்த பத்து நிமிடத்தில், போனில் தேடினேன். கராஜ்களை விலைப்படி அடுக்கிக் காட்டும் ஒரு புக்கிங் தளம் வந்தது. முதலில் நின்றது 25 பவுண்ஸ். காருக்கு அரசாங்கம் வைத்திருக்கிற உச்சக் கட்டணம் 54.85, அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது, குறைத்து வாங்கத் தடையில்லை. பாதிக்கும் குறைவு, வீட்டிலிருந்து ஒன்றரை மைல், நாலரை நட்சத்திரம். 25ஐ அங்கேயே கட்டினேன்.

ஒரு காரை ஒழுங்காகச் சோதிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். 25 பவுண்ஸுக்கு அதைச் செய்து யாரும் லாபம் பார்க்க முடியாது. அந்த 25 தூண்டில் புழு என்பது எனக்கு அப்போது ஓடவில்லை.

இன்னொன்று, திகதி. "முன்கூட்டியே புதுப்பியுங்கள், உங்கள் நாட்கள் வீணாகாது" என்று அந்தத் தளம் போட்டிருந்தது, நம்பினேன். உண்மையான விதி, முடிகிற நாளுக்கு ஒரு மாதம் முன், அதில் ஒரு நாள் குறைத்து, அந்த நாளிலிருந்து செய்தால்தான் பழைய திகதி அடுத்த வருடத்துக்கும் அப்படியே வரும். ஜூன் 12 என்றால் மே 13. நான் போனது மே 9. நாலு நாள் முந்திப் போனதால் அடுத்த வருடம் ஜூன் 12 வரை வரவேண்டியது மே 8இலேயே முடிகிறது. ஐந்து கிழமை சும்மா போய்விட்டது. 620க்கு முன் இது பெரிதில்லை, ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காலை ஒன்பதரைக்குப் போனேன். இரவு வேலை முடித்து நேரே போனதால் கண் செருகிக்கொண்டு நின்றேன். மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், சுவரில் பிள்ளையார் படம், அதற்கு ஒரு செவ்வரத்தம்பூ. நான் போனில் அம்மாவோடு கதைத்துக்கொண்டு உள்ளே போனதைக் கேட்டிருக்க வேண்டும், திறப்பை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"அக்கா எந்த ஊர்?"

"மானிப்பாய்."

"அட, பக்கத்து ஊர்தானே. நான் சண்டிலிப்பாய். இந்தமுறை மருதடித் தேருக்குப் போனனீங்களோ?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் நான் முடிந்தேன். மருதடிப் பிள்ளையார் தேரைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தோம், பிளேன்டீ ஊற்றித் தந்தார், "இருங்கோ அக்கா, எங்கட ஆக்களுக்கு நான் வடிவாப் பாத்துத் தருவன்" என்றார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். இருபது வருடமாக இங்கே ஒவ்வொரு கவுண்டரிலும் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறவளுக்கு, ஊர்ப்பெயரைச் சொன்னதும் கோயில் பெயரைத் திருப்பிச் சொல்லும் ஒருவர் கிடைத்தால் எப்படி இருக்கும்? காரைச் சோதிப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காப்புறுதிப் பிரச்சினை, உள்ளே ஆட்களை விட ஏலாது என்றார். பார்க்கும் இடம் ஒன்று எம்.ஓ.ரி நிலையம் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும், அங்கே நின்று சோதனையைப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. இது நான் சனிக்கிழமை தெரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை நான் கதிரையில் நித்திரை.

பதினொரு மணி போல் எழுப்பினார். முகத்தை அப்படித் தொங்கப்போட்டிருந்தார்.

"அக்கா, ஃபெயில் ஆப்போட்டுது. முன் பிறேக் டிஸ்க் ரெண்டும் முடிஞ்சுது, பிறேக் பாட் எல்லாம் தேஞ்சுபோச்சு, முன் ரயர் ரெண்டும் மாத்தவேணும்."

"இன்னும் ஒரு மாதம் இருக்குதானே தம்பி, நான் காரை எடுத்துக்கொண்டு போய் மச்சானிடம் ஒருக்கா காட்டட்டோ?"

"ஐயோ அக்கா, ஃபெயில் ஆனா பழைய எம்.ஓ.ரியும் செல்லாது. கமெராவில பட்டா ஆயிரம் பவுண்ஸ் தண்டம். பிள்ளையளையும் இதிலதானே ஏத்திறனீங்கள்."

பிள்ளைகளைச் சொன்னதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு துண்டுக் கடதாசியில் கணக்கு எழுதிக் காட்டினார். வற் வரியோடு 744, கையில் காசாகத் தந்தால் வற் இல்லாமல் 620. "அக்காவுக்காகத்தான் இது" என்றும் சொன்னார். நான் றோட்டைக் கடந்து காசு இயந்திரத்துக்குப் போனேன். என் அட்டையில் ஒரு நாளைக்கு 500தான் வரும், மிச்சம் 120ஐ அன்று பின்னேரம் கட்டவேண்டிய சீட்டுக்காசிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 620 பவுண்ஸ், எண்ணி, கையில். றிசீற் கேட்கவில்லை. வற் இல்லை என்றால் றிசீற்றும் இல்லை என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன், அதில் என் பிழையும் இருக்கிறது, மறைக்கவில்லை.

நாலு மணிக்குக் கார் வந்தது, பாஸ் சான்றிதழ் ஒன்றும் தந்தார். ஃபெயில் கடதாசி எங்கே என்றதற்கு "எல்லாம் ஒன்லைனில இருக்கு அக்கா". வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிறேக் பிடிக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மச்சான் வந்தார். மாமாவின் மகன், லூட்டனில் மெக்கானிக். முன் சில்லைக் கழற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டிஸ்க்கின் விளிம்பில் சுற்றிவரத் துருப்பிடித்த வரம்பு, தொட்டால் தூளாக உதிர்கிறது. ஒரு நாள் பழைய டிஸ்க்கில் அது வராது. அது என் பழைய டிஸ்க்தான். பாட் மட்டும் ஏதோ மலிவானதாக மாற்றியிருக்கிறார்கள். ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். என் "புது" ரயரில் 1417. 2017ஆம் ஆண்டு பதினாலாம் கிழமை செய்தது. மற்றதில் வேறு இலக்கம், வேறு பிராண்ட்.

பிறகு மச்சான் அரசாங்கத் தளத்தில் கார் இலக்கத்தைப் போட்டு எம்.ஓ.ரி வரலாற்றைத் திறந்தார். இது இலவசம், கடவுச்சொல் ஒன்றும் தேவையில்லை, எந்தக் காரின் இலக்கத்தையும் போட்டுப் பார்க்கலாம், ஓடிய மைல் கூட வரும். அதில் மே 9 ஃபெயிலுக்குக் காரணம் இரண்டே இரண்டு: ஒரு வைப்பர் பிளேட், இடது பக்கப் பிறேக் லைற் பல்பு. டிஸ்க்கும் ரயரும் கீழே அட்வைசரி என்ற தலைப்பில் இருக்கின்றன, அதாவது தேய்கிறது, கவனியுங்கள் என்பது மட்டும். அதற்காக ஃபெயில் ஆக்கவில்லை. என்னை ஃபெயில் ஆக்கிய இரண்டையும் பதினைந்து பவுண்ஸுக்குள் வாங்கி மச்சானே மாட்டியிருப்பார்.

"பழைய எம்.ஓ.ரி செல்லாது" என்றாரே, அதுவும் பொய். பழையதில் நாள் இருந்து, ஃபெயில் பட்டியலில் டேஞ்சரஸ் என்று எதுவும் போடாமல் இருந்தால் காரை எடுத்துக்கொண்டு போகலாம். 2018 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு பிழைக்கும் டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று தரம் போடுகிறார்கள், என்னுடைய இரண்டும் மேஜர். திருத்தாமல் ஓடித்திரியலாம் என்று சொல்லவில்லை, பல்பு எரியாத காரோடு பொலிஸ் பிடித்தால் அது வேறு வழக்கு, ஆனால் வேறு ஒருவரிடம் கொண்டுபோய்த் திருத்த எனக்கு உரிமை இருந்தது. வைப்பர், லைற் போன்ற சில சாமான்களைத் திருத்தி அடுத்த வேலை நாள் முடிவதற்குள் அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் மறுசோதனைக்குக் காசே இல்லை. அந்த ஆயிரம் பவுண்ஸ் தண்டம் மட்டும் உண்மை, அது எம்.ஓ.ரி இல்லாமல் ஓடுகிறவர்களுக்கு. உண்மையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பொய்யைப் பூசி எனக்குத் தந்திருக்கிறார்.

திங்கள் காலை போன் எடுத்தேன். முதல் தரம் "மனேஜர் இல்லை". இரண்டாம் தரம் "மத்தியானம் எடுங்கோ". மத்தியானம் எடுத்தால் வேறு ஒருவர், தமிழ் தெரியாதவர், என் பெயரில் எந்த வேலையும் பதிவில்லை என்கிறார். உண்மைதான், காசாகக் கொடுத்தால் எங்கே பதிவு? செவ்வாய்க்கிழமை நேரே போனேன். சண்டிலிப்பாய்த் தம்பி என்னைக் கண்டதும் ஒரு காருக்குக் கீழே போய்விட்டார். கால் மணி நேரம் நின்றேன். வெளியே வந்து, "அக்கா, நீங்கள் சம்மதிச்சுத்தானே காசு தந்தனீங்கள், நான் பறிச்சனானோ?" என்றார். டிஸ்க்கைப் பற்றிக் கேட்டால், மாற்றியது வேறு பொடியன், அவன் இப்போது லீவு. ரயரைப் பற்றிக் கேட்டால், "புதுசு எண்டு நான் சொல்லேல்லை, நல்ல ரயர் எண்டுதான் சொன்னனான்". பிளேன்டீ இல்லை இந்த முறை.

புக்கிங் தளத்துக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: நாங்கள் இடம் தேடிக் கொடுப்பவர்கள் மட்டும், திருத்த வேலை உங்களுக்கும் கராஜுக்கும் இடையிலானது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், அடுத்த புக்கிங்குக்கு ஐந்து பவுண்ஸ் கழிவு. ஐந்து! நான் இழந்தது 620. நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனம் "பரிசீலனையில்" என்று இன்னும் நிற்கிறது, அந்த நாலரை நட்சத்திரம் எப்படி வந்தது என்று இப்போது விளங்குகிறது. வங்கியில் சொன்னார்கள், நீங்களே எடுத்த காசுக்கு நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது. கடனட்டையில் கட்டியிருந்தால் 100 பவுண்ஸுக்கு மேற்பட்ட வேலைக்கு அட்டைக் கம்பனியிடமே சட்டப்படி கேட்டிருக்கலாம். 124 பவுண்ஸ் வற் மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் கதவையும் நானே சாத்திவிட்டேன்.

ஃபெயில் சரியில்லை என்று நினைத்தால் எம்.ஓ.ரியைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான டிவிஎஸ்ஏயிடம் மேன்முறையீடு செய்யலாம், 14 வேலை நாட்களுக்குள், ஆனால் அதற்கு முன் எதையும் திருத்தியிருக்கக் கூடாது. எனக்கு அதுவும் இல்லை. அவர்கள் பார்ப்பது சோதனையைத்தான், திருத்தக் கூலியை இல்லை. நுகர்வோர் உதவித் தொலைபேசியில் முறைப்பாடு பதிந்திருக்கிறேன், மச்சான் எடுத்த படங்கள் எல்லாம் அனுப்பியாயிற்று.

போகிறவர்கள் கவனிக்க ஒரு பத்து விஷயம் ஒழுங்காக எழுதித் தருவோம் என்றுதான் தொடங்கினேன், புலம்பியே நேரம் போய்விட்டது, எட்டு மணிக்கு வேலை. அவசரத்துக்கு இவ்வளவுதான். முடிந்தால் உங்கள் கவுன்சிலின் எம்.ஓ.ரி நிலையம் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், கவுன்சில் தன் வாகனங்களைச் சோதிக்கும் இடம் அது, பொதுமக்களுக்கும் செய்வார்கள், பெரும்பாலும் திருத்த வேலை செய்வதில்லை, அதனால் உங்களை ஃபெயில் ஆக்கி அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ஃபெயில் என்று சொன்னால் அந்த இடத்திலேயே கடதாசியைக் கேளுங்கள், தராவிட்டால் போனில் வரலாற்றைத் திறந்து டேஞ்சரஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். காசாகக் கொடுக்காதீர்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். எந்த ஊர் என்று கேட்டால் லூட்டன் என்று சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காரின் முன்பக்கம் இரண்டு சில்லும் இல்லாமல் மச்சான் வீட்டு வாசலில் நிற்கிறது. புது டிஸ்க் நாளைக்குத்தான் வருமாம், அது வேறு 90 பவுண்ஸ்.