வாங்கிய பாட்டு கையில் இருக்க வேண்டும்: பேண்ட்கேம்ப் இசைக்கடை

மாதச் சந்தா கட்டி இசை கேட்பது பெருவழக்காகிவிட்ட இக்காலத்திலும், பிடித்த பாடலை விலை கொடுத்து வாங்கிக் கோப்பாகவே வைத்துக்கொள்ள விரும்புபவன் நான். அதற்கான இணையக் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் பாடல்களின் எண்ணிக்கையையும்விட முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: நாளை அந்தக் கடை மூடப்பட்டாலும் நாம் வாங்கிய பாட்டு ஒலிக்குமா என்பதே அது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நான் வாங்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள், கணினியை மாற்றியதும் திறக்க மறுத்தன. அவை டி.ஆர்.எம். என்னும் மின்பூட்டுடன் விற்கப்பட்டவை. அந்தப் பூட்டைத் திறக்க உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரைக் கடைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பணம் போனதைவிட, அப்பாவுக்காகத் தேடித் தேடி வாங்கிய வீணைக் கச்சேரி ஒன்று அதில் போனதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

கடைகள் மூடப்படுவது அரிய நிகழ்வன்று. ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012 பிப்ரவரியில் தொடங்கிய ஃப்ளைட் இசைக்கடை 2013 ஜூனிலேயே மூடப்பட்டது. ஆனால் அங்கு விற்கப்பட்டவை பூட்டில்லாத எம்பி3 கோப்புகள் என்பதால், பதிவிறக்கி வைத்திருந்தவர்கள் இன்றும் அவற்றைக் கேட்கலாம். கூகுள் பிளே மியூசிக்கும் 2020இல் நிறுத்தப்பட்டது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்துத்தான், அமெரிக்காவில் 2008இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப்பை என் முதன்மைக் கடையாகக் கொண்டேன். பெரும்பாலான பாடல்களை வாங்குவதற்கு முன்பே முழுமையாகக் கேட்டுப் பார்க்க முடிகிறது. பணம் செலுத்தியதும் வரும் பக்கத்தில் எம்பி3, ஃபிளாக், ஏஏசி, வேவ் முதலிய வடிவங்களின் பட்டியல் விரிகிறது. ஒரு முறை வாங்கிவிட்டால் எந்த வடிவத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். கோப்புகளில் பூட்டு எதுவும் இல்லை. ஆல்பம் ஒரே ஜிப் கோப்பாக வருகிறது. பிரித்தால் வரிசை எண், பாடலின் பெயர், அட்டைப்படம் எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கின்றன.

வடிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து நிமிட ஆல்பம் 320 கிலோபிட் எம்பி3 வடிவில் ஏறத்தாழ 108 எம்பி இடம் பிடிக்கும். தரம் சிறிதும் குறையாத ஃபிளாக் வடிவில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அலைபேசியில், பேருந்துப் பயணத்தில் கேட்பதற்கு எம்பி3 தாராளமாகப் போதும். ஆனால் ராகம் தானம் பல்லவியைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரித்திருக்கும் பதிவுகளில் நிலைமை வேறு. எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நொடியின் சிறு பகுதி அளவுக்கு வெற்றொலி சேர்ந்துவிடுவதால், அதற்கு ஈடுகட்டத் தெரியாத பிளேயர்களில் தம்புராவின் சுருதி ஒரு கணம் அறுந்து மீண்டும் தொடங்கும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு கணம் போதும், லயிப்பு கலைந்துவிடும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

விற்பனையில் கலைஞருக்குச் சேரும் பங்கும் எனக்கு முக்கியம். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 சதவீதமாகக் குறைகிறது. கொடுக்கல் வாங்கல் கட்டணம் போக மீதி கலைஞருக்கே. 2020 மார்ச் முதல், தேர்ந்தெடுத்த சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுக்கிறார்கள். முடிந்தவரை அந்த நாள்களில்தான் வாங்குகிறேன்.

குறைகளும் உண்டு. தமிழ்த் திரைப்பாடல்களுக்கு இது ஏற்ற இடமன்று. தனி இசைக்கலைஞர்களும் சிறு நிறுவனங்களுமே இங்கு மிகுதி. திரைப்பாடலை வாங்க விரும்புவோருக்கு, 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸ் கடையைப் பரிந்துரைப்பேன். அங்கும் பூட்டில்லை, ஆனால் 256 கிலோபிட் ஏஏசி என்ற ஒரே வடிவம்தான். பேண்ட்கேம்ப்பில் விலை பெரும்பாலும் டாலரிலோ பவுண்டிலோ இருப்பதால், வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும்; நாணய மாற்றுக் கட்டணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனக்குள்ள ஒரே கவலை கடை கைமாறுவதுதான். 2022இல் எபிக் கேம்ஸ் என்னும் வீடியோ கேம் நிறுவனம் இதை வாங்கியது. அடுத்த ஆண்டே சாங்டிரேடர் என்னும் இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது. அப்போது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். அதனால் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்ற வசதியை நம்பி நான் சும்மா இருப்பதில்லை. வாங்கிய அன்றே ஃபிளாக் கோப்புகளைக் கணினியில் இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்து, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவைத்த பிறகே அந்தப் பக்கத்தை மூடுகிறேன்.